வயித்து வலின்னா எல்லாம் கேஸ் இல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன வாரம் கொரோனா வந்து போனவங்களுக்கு நுரையீரல், சுகர், முடி கொட்டுறதுன்னு ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க, நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா குடலைப் பத்தி ஒரு வரி கூட காணோமே.

2021 மே மாசம் எங்க அண்ணன், குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுறவரு, மூச்சுத்திணறலோட ஐசியூல கிடந்தாரு. ஆஸ்பத்திரி பேரு வேண்டாம். பத்தாவது நாள் ஆக்சிஜன் கொஞ்சம் ஏறுதுன்னு நாங்க மூச்சு விட்ட நேரம், போன்ல "வயிறு வலிக்கி, உயிரு போவுது"ன்னு அழுதாரு. டூட்டி டாக்டர் அமுக்கிப் பாத்துட்டு வயிறு மெத்துன்னுதான் இருக்கு, கேஸா இருக்கும்னு ஊசி போட்டாரு. மைனி பிளாஸ்க்குல ஓமத்தண்ணி போட்டுத் தந்தாவ, பிளாஸ்திரில பேரும் பெட் நம்பரும் எழுதி ஒட்டி நான்தான் கேட்டுல குடுத்துட்டு வந்தேன், அத நெனச்சா இப்பவும் என்னவோ போல இருக்கு. மறுநாள் வயிறு மத்தளம் மாதிரி, பச்சையா வாந்தி, காத்து கூட பிரியல. டை ஏத்தி சிடி எடுத்தப்பதான் குடலுக்குப் போற ரத்தக்குழாயில ரத்தம் கட்டி அடைச்சிருக்குன்னு தெரிஞ்சுது, கறுத்துப்போன சிறுகுடலை வெட்டி எடுத்தாங்க, ஆறு மாசம் மலம் போக வயித்துல பை.

தொட்டா மெத்துன்னு இருக்கும், வலி மட்டும் தாங்காது, இதுதான் குடல் ரத்த ஓட்டம் நிக்கிறதுக்கு முதல் அடையாளமாம், நர்ஸா இருக்குற தங்கச்சி மக பிறகு சொன்னா. இந்த வைரஸ் உள்ள நுழைய பிடிக்கிற ஏசிஇ2ங்கிற புரதம் நுரையீரல்ல மட்டும் இல்ல, சிறுகுடல் உள்தோல்லயும் நிறைய உண்டு, போதாததுக்கு நோய் முத்துனா ரத்தமும் லேசுல உறையும். 2020ல அமெரிக்காவுல பாஸ்டன் ஆஸ்பத்திரில ஐசியூ ஆளுங்கள ஒப்பிட்டுப் பாத்திருக்காங்க, கொரோனாக்காரங்கள்ல 74 சதவீதம் பேருக்கு வயிறு, ஈரல் சம்பந்தமா ஏதாவது சிக்கல், வேற காரணத்தால அதே மாதிரி நுரையீரல் கெட்டவங்கள்ல 37தான். குடல் செத்துப்போறது 4 சதவீதம், அந்தப் பக்கம் ஒருத்தருக்கும் இல்ல. அந்தச் சிக்கல்கள்ல ஒண்ணான குடல் அசையாம போறதுக்கு ஐசியூல குடுக்குற மயக்க மருந்தும் ஒரு காரணம்தான், எல்லாத்தையும் வைரஸ் தலையில போட முடியாது. ஆனா வென்டிலேட்டர்ல கிடக்குறவன் வலிக்குதுன்னு எப்படி சொல்லுவான்? வெளிய நிக்குற நாமதான் வயிறு எப்படி இருக்கு, மோஷன் போச்சான்னு தினமும் கேக்கணும்.

ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் சர்ஜரி டாக்டர் யாரையாவது வெச்சு இதப்பத்தி எழுத வைங்க. அண்ணன் இப்ப பால்வெட்டுக்குப் போறாரு, மரச்சீனி ரெண்டு துண்டு கூடுதலா தின்னா அன்னைக்கு ராத்திரி உறக்கம் கிடையாது.

இப்படிக்கு,
ஒரு வாசகன், திருவட்டாறு