காணிக்கைப் பட்டியலை மைக்கில் வாசிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென் மாவட்டத் திருச்சபைகள் பலவற்றில் அறுப்பின் பண்டிகை (விளைச்சலுக்கு நன்றி சொல்லும் நாள்), பிரதிஷ்டை பண்டிகை (ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டதன் ஆண்டு விழா) நாட்களில் காணிக்கை கொடுத்தவர்களின் பெயரையும் தொகையையும் ஆராதனைக்கு நடுவே வாசிக்கிறார்கள். இந்தப் பழக்கத்தைச் சபைகளை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டிகள் கைவிட வேண்டும். பெயர் வாசித்தால்தான் வசூல் ஏறும் என்பது வழக்கமான பதில். ஏறலாம். ஆனால் கூலி வேலை செய்யும் குடும்பம் 50 ரூபாய் என்று தன் பெயருக்கு எதிரே ஊரறியக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கூச்சத்தில் பண்டிகைக்கே வராமல் நின்றுவிடுபவர்கள் உண்டு.

எருசலேம் சபையின் ஏழைகளுக்காக அப்போஸ்தலனாகிய பவுல் பணம் சேர்த்த முறை இதற்கு நேர் எதிரானது. வாரத்தின் முதல் நாள்தோறும் அவரவர் வரவுக்குத் தக்கபடி வீட்டிலேயே எடுத்து வைக்கச் சொன்னார்; தான் வந்த பிறகு வசூல் நடக்கக் கூடாது என்றும் எழுதினார் (1 கொரிந்தியர் 16:2). பெரியவர் ஒருவர் முன்னால் வந்து நின்றால் அவர் முகத்துக்காகக் கொடுப்பவர்கள் எக்காலத்திலும் இருக்கிறார்கள். 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்கள் முழுக்கக் கொடுப்பதைப் பற்றியவைதான். அங்கே வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு என்னும் தசமபாகக் கணக்கு ஓரிடத்திலும் இல்லை. ஐசுவரியமுள்ளவராயிருந்தும் நமக்காகத் தரித்திரரான கிறிஸ்துவையே பவுல் காட்டுகிறார். தேவன் நம்மிடம் கணக்குப் பார்த்துக் கொடுக்கவில்லை என்பதால்தான் நாமும் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல கொடுக்கிறோம். தசமபாகத்தை வலியுறுத்துகிறவர்கள் தசமபாகத்தைக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3-ஐ மட்டும் வாசிக்காமல் உபாகமம் 14:28, 29-ஐயும் வாசிக்கட்டும். 3-ஆம் வருட தசமபாகம் ஆலயப் பணி செய்த லேவியனோடு அந்நியன், திக்கற்ற பிள்ளை, விதவை ஆகியோரும் சாப்பிட்டுத் திருப்தியடைவதற்கே.

பெயர் சொல்லாவிட்டால் கணக்கு எப்படி என்று கேட்கலாம். குடும்பத்துக்கு ஓர் எண் கொடுத்துக் கவரில் அந்த எண்ணை மட்டும் அச்சிடுங்கள். எண்ணும் பெயரும் சேர்ந்த பதிவேடு பொருளாளரிடம் மட்டும் இருக்கட்டும். ரசீது தனித்தனியே போகட்டும். ஆராதனை முடிந்தவுடன், உறவினரல்லாத இருவர் கோயிலிலேயே எண்ணி, எத்தனை 500, எத்தனை 100 என்று இரண்டு பிரதிகளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வங்கியின் அடுத்த வேலை நாளில் முழுத் தொகையும் கணக்கில் ஏற வேண்டும். பெரும்பாலும் குழப்பம் தொடங்குவது இங்கேதான்: காணிக்கைப் பையிலிருந்தே பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் கொடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் வரவு வைப்பார்கள். வருடக் கடைசியில் எதுவும் ஒத்துவராது; களவே நடக்காத இடத்திலும் சந்தேகம் முளைத்துவிடும். பவுலும் பணத்தைத் தனியாகக் கொண்டுபோகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த சகோதரன் ஒருவரை, யாரும் குற்றம் சொல்ல இடமிராதபடி, உடன் சேர்த்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8:19-21).

படைத்த பொருட்களை ஏலம் விடும் அறுப்பு ஏலம் நல்ல வழக்கம்தான். பணமில்லாதவரும் ஒரு தேங்காயோ ஒரு படி அரிசியோ படைக்க முடிகிறது. கெடுவது ஏலக் கேள்வி ஏறும்போது. 500 ரூபாய் சேவலை வீம்புக்கு 5,000 வரை ஏற்றிவிட்டு, கட்ட முடியாமல் பாக்கி நின்று, அடுத்த பண்டிகையில் அதையும் வாசிக்கக் கேட்டுக் கோயிலுக்கு வருவதையே விட்டுவிடுவார்கள். எடுத்தவர் அன்றே கட்டட்டும். இயலாதவருக்கு 3 தவணை எழுதிக் கொடுங்கள். பாக்கியை மைக்கில் சொல்லாதீர்கள். சிறு பொருட்களைக் கூறு கட்டி, படைத்தவர் பெயர் சொல்லாமல் ஏலம் விடலாம்.

நம்மிடமே நல்ல மாதிரி இருக்கிறது. அசனம் என்னும் திருச்சபைப் பொது விருந்தின் பந்தியில் உட்கார்ந்தவரிடம் நீ எவ்வளவு கொடுத்தாய் என்று யாரும் கேட்பதில்லை. எந்த மதத்தவர் இலை முன் அமர்ந்தாலும் சோறும் குழம்பும் விழுகின்றன. நல்லவர் மேலும் தீயவர் மேலும் சூரியனை உதிக்கப்பண்ணுகிறவரின் கொடை அப்படிப்பட்டது.

பண்டிகை வருமானத்தில் ஏழைகளின் பங்கை முதலில் ஒதுக்கிவிட்டு, பிறகு வெள்ளையடிப்பு, மின்விசிறி என்று செலவு போடுங்கள். உதவி பெறுகிறவரை மேடைக்கு அழைத்துப் படம் எடுக்க வேண்டாம். வங்கிக் கணக்கிலோ வீட்டிலோ கொடுக்கலாம். சபையார் செலுத்தும் சந்தாவாகிய சங்கக் காணிக்கையின் பாக்கியைச் சொல்லி ஒரு வீட்டின் அடக்க ஆராதனையைத் தாமதிக்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால், சேகரங்களுக்கு மேலுள்ள திருமண்டல நிர்வாகம் அதைச் சுற்றறிக்கை மூலம் உடனே தடை செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
திருச்சபை வாசகர் ஒருவர்,
திருநெல்வேலி