கமிலுக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்

உலக இலக்கிய அறிமுகத் தொடரின் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். போன இதழில் பிரெஞ்சுக் கவிஞரும் நாடகாசிரியருமான போல் குளோதெல் பற்றி ஐந்து பக்கம் எழுதியிருந்தீர்கள். 1886 கிறிஸ்துமஸ் அன்று நோத்ர தாம் பேராலயத்தில் அவருக்கு வந்த இறைநம்பிக்கை, சீனாவில் தூதரகப் பணி, டோக்கியோவிலும் வாஷிங்டனிலும் தூதர் பதவி, 1946இல் பிரெஞ்சு அகாதெமியில் இடம், எல்லாம் இருந்தது. அவருடைய அக்கா, சிற்பி கமில் பற்றி ஒரு வரிகூட இல்லை. தொடர் நூலாகப் போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அச்சுக்குப் போகுமுன் அவருக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

கமில் யாரென்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 1913 மார்ச் 2ஆம் தேதி அப்பா இறந்தார். எட்டே நாளில், அம்மாவும் தம்பியும் செய்த ஏற்பாட்டில், பாரிஸில் கமில் சிலை வடித்துக்கொண்டிருந்த வீட்டிலிருந்து அவரை மனநலக் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். அவருக்கு நோய் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 1920இல் மருத்துவரே வெளியே அனுப்பிப் பார்க்கலாம் என்றார். அம்மா சம்மதிக்கவில்லை. 1929இல் அம்மாவும் போய்விட்டார். அப்புறமும் பதினான்கு வருஷம் கமில் தெற்கு பிரான்சின் அவிஞோன் நகருக்குப் பக்கத்திலிருந்த காப்பகத்திலேயே கிடந்தார். அங்கிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதத்தில், குளிரில் விரல் நடுங்கிப் பேனா பிடிக்க முடியவில்லை என்கிறார். களிமண்ணைப் பிசைந்து முகங்களை எழுப்பிய விரல்கள் அவை. அந்த இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை.

1943 அக்டோபர் 19ஆம் தேதி அங்கேயே இறந்தார். எலும்புகள் பிறகு பொதுக்குழிக்குப் போயின. தம்பியின் ‘பட்டுச் செருப்பு’ நாடகம் பாரிஸில் அரங்கேறியது அதே ஆண்டு நவம்பர் 27ஆம் தேதி. அந்த அரங்கேற்றத்துக்கு நீங்கள் ஒரு முழுப் பத்தி கொடுத்திருக்கிறீர்கள். அதற்கு முந்தைய மாதம் உங்கள் கண்ணில் படவில்லையா?

எழுத்தாளர் வரலாறு என்றால் பதவியும் விருதும் மட்டும்தானா? உங்கள் தொடரில் இதுவரை வந்த எத்தனை பேருடைய வீட்டுப் பெண்கள் பெயரோடு வந்திருக்கிறார்கள், எண்ணிப் பாருங்கள். கோபத்தில் வார்த்தை நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். குளோதெலின் கவிதையை நானும் நேசிக்கிறேன். அவரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கமிலுக்கு ஒரு பத்தி, அவ்வளவுதான் கேட்கிறேன்.

படத்துக்கும் இடமிருந்தால், பதின்மூன்று வயதுப் போலை அக்கா வடித்த மார்பளவுச் சிலை இருக்கிறது. தயவுசெய்து அதைப் போடுங்கள், கீழே வடித்தவர் பெயரோடு.

இப்படிக்கு,
முதல் இதழிலிருந்து தொடரைப் படித்துவரும் வாசகி