ஆஸ்கர் ஒளிப்பதிவுப் பிரிவினருக்குப் புதுச்சேரியிலிருந்து ஒரு மடல்

ஆஸ்கர் அகாடமியின் ஒளிப்பதிவுப் பிரிவு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

2023 ஜனவரி 24 அன்று வந்த பரிந்துரைப் பட்டியலில், போர் விமானிகளைப் பற்றிய ஹாலிவுட் படமான 'டாப் கன்: மேவரிக்'குக்கு ஆறு இடங்கள் கிடைத்தன. சிறந்த படம், திரைக்கதை, படத்தொகுப்பு, ஒலி, பாடல், காட்சி விளைவுகள். ஒளிப்பதிவில் அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் கிளாடியோ மிராண்டாவின் பெயரைத் தேடினேன், இல்லை. அதே மாதம் அமெரிக்க ஒளிப்பதிவாளர் சங்கம் தேர்ந்தெடுத்த ஐவரில் அவர் இருந்தார். உங்கள் தொழிலைச் செய்கிறவர்களுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாமல் போகுமா என்ன?

நான் கல்யாண வீடியோ எடுப்பவன். முகூர்த்த நேரத்தில் கூட்டம் மறைத்து மானிட்டர் தெரியாமல் போனால் எனக்குக் கை நடுங்கும். மிராண்டாவின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். எஃப்-18 போர் விமானத்தில் விமானி உட்காரும் காக்பிட்டுக்குள் ஆறு கேமராக்களைப் பொருத்திவிட்டு அவர் தரையில் நிற்க வேண்டும். முன்னிருக்கையில் கடற்படை விமானி, பின்னிருக்கையில் நடிகர். கேமராவை ஓடவிடுவதும் ஒளி சரியா என்று பார்ப்பதும் அந்த நடிகரின் வேலைதான். அதுவும் விமானம் வேகமாகத் திரும்பி, உடல் எடை பல மடங்காக அழுத்தும்போது. மேலே என்ன பதிவாகிறது என்று இயக்குநருக்கும் தெரியாது, ஒளிப்பதிவாளருக்கும் தெரியாது. விமானம் இறங்கிய பிறகுதான் போட்டுப் பார்ப்பார்கள். சரியில்லை என்றால் மறுபடியும் வானத்துக்குப் போக வேண்டும். இப்படிப் படம் முழுவதற்குமாகச் சேர்ந்தது சுமார் 800 மணி நேரக் காட்சி. வெயில் எந்தப் பக்கம் விழும், விமானம் சாயும்போது முகத்தில் நிழல் எப்படி நகரும் என்று அத்தனையையும் முன்கூட்டியே யோசித்து வைத்தவருக்கு ஓர் இடம் இல்லையா?

இதில் கணினி வேலையே இல்லை என்று நான் வாதாடவில்லை. நிறைய இருக்கிறது, அதற்குத் தனியாகப் பரிந்துரையும் வந்திருக்கிறது. ஆனால் இதே மிராண்டாவுக்கு 2013இல் 'லைஃப் ஆஃப் பை' படத்துக்காக விருது கொடுத்தீர்கள். அதன் ஒரு பகுதியை எங்கள் ஊரில்தான் எடுத்தார்கள். எங்களுக்கு இன்றும் அதில் பெருமை. கடல் காட்சிகள் தைவானில் கட்டிய தண்ணீர்த் தொட்டியில் எடுக்கப்பட்டவை, கதையில் வரும் புலியைப் பெரும்பாலும் கணினியில் உருவாக்கினார்கள். அது தகுதியான விருதுதான். தொட்டிக்குள் எடுத்ததை மதித்த நீங்கள் நிஜ வானத்தில் எடுத்ததை எப்படித் தள்ளினீர்கள்?

காட்சி விளைவுப் பிரிவினர் வாக்களிக்கும் முன் ஒரு திரையிடல் வைத்து, வேலை எப்படி நடந்தது என்று செய்தவர்களையே பேசச் சொல்கிறார்கள். ஒளிப்பதிவுக்கும் அப்படி ஒன்று வையுங்கள். நான் கேட்பது இது ஒன்றுதான்.

1986இல் வந்த 'டாப் கன்' படத்துக்கு 36 வருடம் கழித்து இரண்டாம் பாகம். கொரோனாவால் தள்ளித் தள்ளிப் போனபோதும் ஓடிடிக்குக் கொடுக்காமல் காத்திருந்து தியேட்டரில் வெளியிட்டார்கள். உலகம் முழுக்க 140 கோடி டாலருக்கு மேல் வசூல். கூட்டம் கூடிய படம் என்றால் அதில் கலை இருக்காது என்ற எண்ணம் இங்கேயும் உண்டு. பண்டிகைக்கு வரும் படத்தில் கேமராமேன் என்ன பாடுபட்டார் என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கோபமும் இந்த மடலில் கலந்துவிட்டது, மன்னியுங்கள்.

போன பட்டியலை இனி மாற்ற முடியாது. அடுத்த ஆண்டு வாக்குச்சீட்டு போவதற்கு முன்பாவது, பெரிய திரையில், எடுத்தவர்களை மேடையில் உட்கார வைத்து, அந்தத் திரையிடலை நடத்துங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
புதுச்சேரியிலிருந்து ஒரு கல்யாண வீடியோக்காரன்