பழைய ரெகுலேட்டரை அனுப்பப் போவதில்லை

அன்புள்ள அம்முவுக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நீ கேட்ட என் பழைய ரெகுலேட்டரை, டைவிங்கில் டாங்க் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் அந்தக் கருவியை, அனுப்பப் போவதில்லை. அம்மா அதைத் துண்டில் சுற்றி, பக்கத்தில் முறுக்குப் பொட்டலத்தைத் திணித்து, பார்சல் கட்டித் தயாராக வைத்துவிட்டாள். நான்தான் பிரித்து எடுத்து மறுபடி ஆணியில் மாட்டினேன். முறுக்கு மட்டும் வரும்.

கோபப்படாதே. பத்து வயதில் அந்தமான் ஹேவ்லாக் தீவின் நீமோ ரீஃபில் நீ முதன்முதலாகத் தண்ணீருக்கடியில் மூச்சு விட்டது அதில்தான் என்பது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. வாய்க்கட்டை உன் வாய்க்குப் பெரிதாக இருந்ததால் கையால் பிடித்துக்கொண்டே வந்தாய். ஆனால் ஹேவ்லாக் தண்ணீர் 28 டிகிரி, மே மாதத்தில் 30. நீ இப்போது போகிறேன் என்கிற டோபர்மோரி, கனடாவின் ஹியூரன் ஏரிக் கரை ஊர், அப்படியல்ல. ஜூலையில் மேல்தண்ணீர் பரவாயில்லை என்று உன் சிநேகிதிகள் சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்டு ஏமாறாதே. நன்னீர் 4 டிகிரியில்தான் அதிகக் கனம், அதனால் அந்தக் குளிர்ந்த தண்ணீர் அடியிலேயே தங்கிவிடும். மேலே எவ்வளவு வெயில் அடித்தாலும் ஆழத்தில் அது கோடையே தெரியாமல் கிடக்கும். ஸ்வீப்ஸ்டேக்ஸ் கப்பலைப் பார்ப்பதோடு திரும்புவதானால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். 1885-ல் மூழ்கிய அது ஆறு மீட்டர் ஆழத்தில்தான் கிடக்கிறது. நீயோ அடுத்து அரேபியா கப்பல் என்கிறாய். அது முப்பது மீட்டருக்கும் கீழே.

இனி என் தொழில் பேச்சு. இருபது வருஷம் டைவ் ஷாப் பட்டறையில் உட்கார்ந்தவனுக்கு இதைச் சுருக்கிச் சொல்ல வராது.

டாங்க்கில் 200 பார் அழுத்தத்தில் காற்று இருக்கிறது, ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம். டாங்க்கோடு சேரும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் அதை, சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்தை விட ஒன்பது, பத்து பார் மட்டும் அதிகமாக இருக்கும்படி இறக்கிக் குழாயில் விடுகிறது. வாயில் இருக்கும் செகண்ட் ஸ்டேஜ் மிச்சத்தையும் இறக்கி, நீ இழுக்கும்போது மட்டும் கொடுக்கிறது. அழுத்தம் இப்படித் திடீரென்று இறங்கும் இடத்தில் காற்று பயங்கரமாகக் குளிரும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது பட்டறை வாசலில் நான் டாங்க்கை வேகமாகக் காலி செய்தால் ஓடிவந்து வால்வைத் தொடுவாயே, நட்ட நடு வெயிலில் அதன்மேல் வெள்ளையாகப் பூத்திருக்குமே, அதுதான். அங்கே அது உனக்கு வேடிக்கை. நம் கடலில் சுற்றியுள்ள தண்ணீரின் சூடு உடனே அந்தக் குளிரை வாங்கிக்கொள்ளும். 4 டிகிரித் தண்ணீரிடம் கொடுக்கச் சூடே இல்லை.

என் ரெகுலேட்டர் திறந்த பிஸ்டன் வகை. பிஸ்டனின் ஸ்பிரிங் இருக்கும் அறைக்குள் வெளித்தண்ணீர் நேராகப் போய் வரும். ஆழத்தின் அழுத்தம் அதற்குத் தெரிவதே அப்படித்தான். நல்ல டிசைன், காற்று தாராளமாக வரும், பாகங்களும் குறைவு. ஆனால் குளிர்த்தண்ணீரில் அந்த அறைக்குள்ளேயே பனி கட்டினால் பிஸ்டன் மூடாது. குழாயில் அழுத்தம் ஏறும், செகண்ட் ஸ்டேஜ் தானாகத் திறந்து கொட்டத் தொடங்கும். கொட்டக் கொட்ட இன்னும் குளிரும், பனி இன்னும் இறுகும். இதைத்தான் ஃப்ரீ ஃப்ளோ என்கிறார்கள். முப்பது மீட்டரில் நீ இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் மேலே இழுப்பதைப் போல நான்கு மடங்கு காற்று. ஆழம் கூடக் கூட ஆபத்தும் கூடுவது இதனால்தான். தொடங்கிவிட்டால் சில நிமிடங்களில் டாங்க் காலி.

அதனால் நீ வாங்க வேண்டியது பிஸ்டனுக்குப் பதில் ரப்பர் தகடு வைத்த டயாஃப்ரம் வகை, அதிலும் சீல் செய்தது. வெளிப்பக்கம் இன்னொரு ரப்பர் தகடு இருக்கும். அது தண்ணீரை உள்ளே விடாது, அழுத்தத்தை மட்டும் கடத்தும். பாலன்ஸ்டு என்று கேட்டு வாங்கு, டாங்க் குறைந்துகொண்டு வரும்போதும் மூச்சு கனக்காது. ஸ்கூபாப்ரோ கம்பெனியின் எம்கே 17 இந்த வகை. இங்கிலாந்தின் அபெக்ஸ், சுவீடனின் பொசைடன் இரண்டும் குளிர்த்தண்ணீர் ஊர்க்காரர்கள் செய்தவை. எனக்கு அபெக்ஸ் பிடிக்கும், கழற்றிப் பூட்ட லகு. ஆனால் உன் ஊரில் எதற்கு சர்வீஸ் ஆளும் உதிரிபாகமும் கிடைக்கிறதோ, அதுதான் உனக்கு நல்லது.

பெயரை விட முக்கியம் அதன்மேல் பொறித்திருக்கும் எழுத்து. ஐரோப்பியத் தரம் ஈஎன் 250-ன்படி, 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் குளிர்த்தண்ணீர். அந்தச் சோதனையில் தேறாத ரெகுலேட்டரில் '>10' என்று போட்டிருப்பார்கள். கடைக்காரர் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் அந்தக் குறி இருந்தால் கீழே வைத்துவிடு. ஆக்டோபஸையும், அதாவது துணைக்கு வருபவருக்குக் கொடுக்க வைத்திருக்கும் இன்னொரு செகண்ட் ஸ்டேஜையும், திருப்பிப் பார். எல்லோரும் அங்கேதான் காசு மிச்சம் பிடிக்கிறார்கள். துணைக்கு வந்தவளுக்கு நீ காற்று கொடுக்கும் நேரத்தில் ஒரே ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்து இரண்டு பேர், அதுவும் பயந்து, வேகவேகமாக இழுப்பீர்கள். உறைவதற்கு அதை விடத் தோதான நேரம் கிடையாது. ஈஎன் 250-க்குப் பின்னால் ஒரு 'ஏ' இருந்தால் அந்த நிலைமைக்கும் சோதித்தது என்று அர்த்தம்.

டைட்டானியம் வேண்டாம். துருப்பிடிக்காது, இறகு மாதிரி இருக்கும், சரிதான். ஆனால் பித்தளை அளவுக்கு அது சூட்டைக் கடத்தாது. குளிரில் நமக்கு வேண்டியதே கடத்துவதுதான், தண்ணீரில் இருக்கும் கொஞ்சநஞ்ச வெதுவெதுப்பும் வால்வுக்குப் போய்ச் சேர வேண்டும். செகண்ட் ஸ்டேஜிலும் உலோகம் அதிகம் இருப்பதைப் பார். உன் மூச்சின் ஈரம் உறைவது அங்கேதான். கடையிலேயே தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு குமிழ்களைத் திருப்பிப் பார். வெறுங்கையால் திருப்புவதில் அர்த்தமில்லை.

டாங்க்கோடு சேரும் இடத்துக்கு டின் வகை எடு, மரை போட்டு இறுகும். டிசம்பரில் நீ இங்கே வந்தால் நம் டாங்க்குகள் எல்லாம் கவ்விப் பிடிக்கிற யோக் வகைதானே என்று கவலைப்படாதே, ஒரு அடாப்டர் போதும். இதே ரெகுலேட்டர் ஹேவ்லாக்கிலும் வேலை செய்யும், சொல்லப்போனால் என்னுடையதை விட நன்றாகவே. உப்பு உள்ளே போகாது பார். நான் திறந்த பிஸ்டன் எத்தனையோ பிரித்திருக்கிறேன், ஸ்பிரிங் சுருளுக்கு நடுவே கல்லுப்பு மாதிரி உறைந்து, பித்தளை பச்சைப் பாசி பிடித்தாற்போல இருக்கும். பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி வெளுத்துப்போகும். கொஞ்சம் கனம், பெட்டியில் ஒரு கிலோ கூடும், அவ்வளவுதான். குளிருக்கு வாங்கியது வெயிலுக்கு ஆகும், வெயிலுக்கு வாங்கியது குளிருக்கு ஆகாது.

காற்றும் காய்ந்ததாக இருக்க வேண்டும். முன்பு ஒரு கடையில் கம்ப்ரஸர் ஃபில்டரை மாற்றக் காசு தராமல் மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். டாங்க்கைத் திறந்தால் ஈர வாசனை. நம் தண்ணீரில் அது வெறும் துரு, அங்கே அந்த ஈரமே பனியாகும். அதேபோல டைவ் முடிந்ததும் தூசி மூடியை டாங்க் காற்றால் ஊதாதே, துணியால் துடைத்து மூடு. ஊதினால் ஒரு சொட்டு உள்ளே போகும், அடுத்த டைவில் அது உள்ளேயே உறையும்.

படகில் நின்று சும்மா இழுத்துப் பார்க்காதே, காற்றைக் கொட்டவிடும் பர்ஜ் பட்டனை அமுக்கி விளையாடாதே. மிதப்பதற்கான ஜாக்கெட்டில் காற்று ஏற்றும்போது மூச்சை இழுக்காதே. இரண்டும் ஒன்றாக வேண்டாம். அப்படியும் கொட்டத் தொடங்கினால் வாயை இறுக்கி மூடாமல், உதட்டோரமாக மிச்சக் காற்றைப் போகவிட்டு, வேண்டியதை மட்டும் உறிஞ்சிக்கொண்டு, துணையோடு நிதானமாக மேலே வா. ஆழம் குறைந்த இடத்தில் இதை முதலில் பயிற்சி செய்துவிட்டு அப்புறம் அரேபியாவுக்குப் போ.

ஒரு விஷயம் தெரியுமா? யுத்த காலத்தில் பெட்ரோல் இல்லாமல் காரை கேஸில் ஓட்ட ஒரு வால்வு செய்த எமில் கன்யான்தான் 1943-ல் கடலாய்வாளர் கூஸ்தோவோடு சேர்ந்து இந்த ரெகுலேட்டரைச் செய்தார். 1947-ல் அந்த மனிதர் குடிபோனது உன் பக்கத்து மாகாணத்துக்கு, மாண்ட்ரியலுக்கு. அவரும் ஒரு மெக்கானிக் புத்திக்காரர்தான் என்று நினைத்தாலே எனக்கு ஒரு சந்தோஷம்.

பணம் வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன். உன்னிடம் இருக்கிறது என்று தெரியும், இருந்தாலும் வாங்கிக்கொள். காசு கொடுப்பதற்கு முன்னால் இரண்டு செகண்ட் ஸ்டேஜிலும் இருக்கும் எழுத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. இங்கே நடு ராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை, போனைப் பக்கத்தில் வைத்துத்தான் படுப்பேன். பழையது ஆணியிலேயே தொங்கட்டும். டிசம்பரில் வரும்போது எடுத்துக்கொள், வாய்க்கட்டை புதிதாக மாற்றி வைத்திருக்கிறேன், உன் அளவுக்கு.

அந்த ஏரியில் சாப்பிடுகிற மீன் ஏதாவது உண்டா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா