நாகமரு அல: கிழங்கைத் தோண்டினால் காப்பாற்ற முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

உலகில் வேறெங்கும் இல்லாமல் நம் மலைநாட்டுப் பத்தனாப் புல்வெளிகளில் மட்டும் பூக்கிற மஞ்சள் ஓர்கிட் ஒன்று உண்டு. சிங்களத்தில் நாகமரு அல. தாவரவியற் பெயர் இப்சியா ஸ்பெசியோசா. வசியத்துக்கு ஆகும் என்று நம்பி அதன் கிழங்கைத் தோண்டுவது பழைய தொல்லை. "காட்டில் அழிவதைவிட நம் வீட்டில் இருக்கட்டும்" என்று கொழும்புக்குக் கொண்டுவந்து சட்டியில் வைப்பது இன்னொரு தொல்லை.

கொழும்பில் அது நிலைக்காது. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவு. இங்கே இரவில்கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. வெப்பமான இரவில் சுவாசம் கூடி, பகலில் சேர்த்த மாப்பொருள் கரைகிறது. கிழங்கிலுள்ள சேமிப்பைக் கொண்டு ஒருமுறை பூக்கலாம். வாங்கியவர் செடி பிழைத்துவிட்டது என்று மகிழ்வார். பிறகு கிழங்கு சுருங்கும், அல்லது தும்புச்சோற்றின் ஈரத்தில் அழுகும்.

பெருக்குவதானால் விதையிலிருந்துதான் பெருக்க வேண்டும். ஓர்கிட் விதை தூசி போன்றது. முளைக்குத் தேவையான உணவு அதற்குள் இல்லை. மண்ணிலுள்ள பங்கசு ஒன்றுதான் ஊட்டுகிறது. முதிர்ந்த செடியின் வேரை மெல்லியதாகச் சீவி நுணுக்குக்காட்டியில் பார்த்தால், கலங்களுக்குள் அந்தப் பங்கசு நூற்கண்டு போல் சுருண்டு கிடக்கும். ஆய்வுகூடத்தில் அதன் வேலையைப் போத்தலில் இட்ட, சீனி கலந்த ஊடகம் செய்கிறது: அரைச்செறிவு முரஷிகே-ஸ்கூக் உப்புகள் (இழைய வளர்ப்புக்கான கனிம உப்புக் கலவை), லீற்றருக்குச் சீனி 20 கிராம், உறைய வைக்கும் ஏகார் 8 கிராம், பீ.எச். (அமில-கார அளவு) 5.6 முதல் 5.8 வரை. பீ.எச். மிகவும் இறங்கினால் ஏகார் உறையாது. ஊடகத்தை அமுக்க நீராவியில் 121 பாகையில் 15 முதல் 20 நிமிடம் கிருமி நீக்க வேண்டும். வெடிக்காத பச்சைக் காயை 70 சதவீத எதனோலில் தோய்த்துச் சுவாலையில் காட்டிப் பிளந்தால் உள்ளே விதை சுத்தமாகவே இருக்கும். வெடித்த காயென்றால் விதையையே குளோரின் கரைசலில் கழுவ நேரும். அதில் முளைதிறன் குறைந்துவிடலாம். தரை ஓர்கிட்கள் பலவற்றுக்கு முளைக்கும்வரை இருட்டு நல்லது.

நாற்று அதிகம் சாவது போத்தலிலிருந்து வெளியே எடுக்கும்போதுதான். வேரில் ஒட்டிய ஏகாரை முழுதாகக் கழுவாவிட்டால் அதிலுள்ள சீனியில் பூஞ்சணம் பிடிக்கும். போத்தலின் ஈரத்தில் வளர்ந்த இலைக்கு மெழுகுப் படை போதாது. வெளிக்காற்றில் உடனே வாடும். பொலித்தீன் மூடி, இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாகத் திறக்க வேண்டும். இதைக் கொழும்பில் செய்வதில் பொருளில்லை. 1861 முதல் நுவரெலியாவுக்கு அருகே ஹக்கலயில் தாவரவியல் பூங்கா இருக்கிறது. குளிரும் அங்கே இலவசம்.

ஒரே காயின் நாற்றுகள் எல்லாம் உடன்பிறப்புகள்; அவற்றுக்குள் மரபு வேறுபாடு குறைவு. ஆகவே பல செடிகளிலிருந்து, ஓரிடத்திலுள்ள காய்களில் ஐந்திலொன்றுக்கு மேற்படாமல் எடுக்க வேண்டும்.

மரநடுகைக் குழுக்களுக்கும் ஒரு சொல்: பத்தனா வெறும் நிலமல்ல. அங்கே பைனசு நட்டால் நிழலில் புல்லோடு இந்தச் செடியும் போகும். பூவைப் படமெடுப்போர் இடக்குறிப்பை நீக்கிவிட்டுப் பதிவிடுங்கள். பூவில்லாத காலத்தில் புல்லோடு புல்லாய் நிற்பதுதான் அதற்குள்ள ஒரே மறைவு. அதையும் நாமே காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை.

விற்பனைக்கு வந்த செடியைக் கண்டால் வேரைப் பாருங்கள். போத்தலில் வளர்த்த நாற்றுகள் ஏறக்குறைய ஒரே அளவில், முறியாத வேரோடு இருக்கும். தோண்டியதில் வேர் அறுந்து பழுப்பேறியிருக்கும். மண்கட்டியில் மலைப்புல்லின் வேரும் பின்னிக் கிடக்கும். அப்படியானதை வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓர்கிட் வளர்ப்போர் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.