முத்திரை ஊறும் நேரம்

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்புள்ள நண்பர் பரமசிவத்துக்கு,

உமது கடிதத்துக்கு ஒரு மாதம் கழித்துப் பதில் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளும். மனைவிக்குப் பாரிசவாதம் வந்து வருகிற தையோடு மூன்று ஆண்டுகள் நிறைகின்றன. படுக்கைப்புண் வராதிருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டியிருப்பதால், என் பகலும் இரவும் அந்தத் துண்டுகளாகவே கழிகின்றன.

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டிருந்தீர். கிளினிக்கில் அவருடைய பிரஷரையும் சீனியையும் விசாரிப்பார்கள். பக்கத்தில் நிற்பவன் உறங்கினானா என்று எவரும் கேட்டதில்லை. உமது அந்த வரியை இரண்டு தடவை வாசித்தேன்.

பள்ளிக்கூட நாட்களில் நாம் சேர்த்த தபால் முத்திரை ஆல்பத்தை மீண்டும் எடுத்திருக்கிறேன். உறைத்துண்டை வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டால் சிறிது நேரத்தில் பசை கரைந்து முத்திரை கழன்றுவிடும். அதை ஒற்றுத்தாளில் கவிழ்த்து உலரவிட்டுக் கனமான புத்தகத்துக்குள் வைத்தால் நேராகிவிடும். வாசிக்க முயன்றபோது பாதியில் எழுந்து போவதே பெரும் எரிச்சலாக இருந்தது. முத்திரையோ நான் திரும்பி வரும்வரை கோப்பைக்குள் அப்படியே கிடக்கிறது. 1857இல் வந்த நமது நாட்டின் முதல் முத்திரை, அந்த ஆறு பென்ஸ், என் கைக்கு எட்டாது. 1972ஐ ஒட்டிய பக்கங்களையே ஒழுங்குபடுத்துகிறேன்: முத்திரைகளில் நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் சிலோன் போய் ஸ்ரீ லங்கா வந்த பின்னரும், தமிழில் இலங்கை என்ற சொல் மாறாமல் நிற்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அலுப்பதில்லை.

புதன்கிழமைகளில் மச்சாள் வந்து மனைவியோடு இருப்பார். நான் கடலோர ரயிலில் கோட்டைக்குப் போய்ப் புது முத்திரைகளைப் பார்த்து வருவேன். முதல் சில வாரங்கள் குற்றவுணர்வில் கடலைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் உம்மிடம் மறைக்க மாட்டேன்: முன்பெல்லாம் ஊட்டிய கஞ்சியை அவர் துப்பினால் என் குரல் உயர்ந்துவிடும், அவருடைய கண் கலங்கும். இப்போது அப்படி நடப்பது மிகவும் குறைந்திருக்கிறது.

உமது தங்கை அம்மாவைத் தனியாகவே பார்ப்பதாக எழுதியிருந்தீர். பணம் அனுப்புவதோடு நில்லாமல், கிழமையில் ஒரு பின்னேரம் நீரே போய் அம்மாவோடு இருந்து, தங்கையை அவர் விரும்பிய இடத்துக்கு அனுப்பும். முன்பு தையல் நன்றாகச் செய்வாரே, அதை இன்னும் செய்கிறாரா என்றும் கேளும்.

பதில் எழுதும்போது பெரிய முத்திரையாகப் பார்த்து ஒட்டும்; தபாற்கந்தோரில் குறியை மெல்லக் குத்தச் சொல்லும்.

அன்புடன்,
நடராசா