1799க்கு அழைக்கச் சொன்ன மகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 62. சிங்கப்பூரில், ஈசூனில் நாலறை வீட்டில் தனியாக இருக்கிறேன். கணவர் தவறி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. ஈசூன் குளத்தைச் சுற்றிக் காலையில் நடக்கும்போது பழக்கமான ஒருவர், மீதிக் காலத்தைச் சேர்ந்து கழிக்கலாமா என்று என்னிடம் கேட்டார். நானும் யோசித்துக்கொண்டிருப்பதாகப் போன மாதம் மகளிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அம்மா, முதல்ல 1799க்கு ஃபோன் பண்ணுங்க" என்றாள். மோசடியோ என்று சந்தேகம் வந்தால் விசாரிக்கும் எண் அது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அவர் ஒன்றும் கைப்பேசியில் மட்டும் பேசும் முகம் தெரியாத ஆள் இல்லை. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், மனைவியை இழந்தவர், பங்குனி உத்திரம் வந்தால் ஈசூன் பாலசுப்பிரமணியர் கோயிலில் அன்னதானத்துக்குக் காய் நறுக்குபவர். என்னிடம் கடன் வாங்கியது ஒரே தடவை. கோப்பிக் கடையில் சில்லறை இல்லாமல் 1 வெள்ளி 40 காசு. மறுநாள் காலையில் முதல் வேலையாகத் திருப்பிக் கொடுத்தார். இருந்தாலும் மகளைக் குறை சொல்ல மாட்டேன். காதல் மோசடியில் சேமிப்பைத் தொலைத்தவர்களின் கதை உங்கள் பத்திரிகையிலும் வரத்தானே செய்கிறது.

மகன் வேறு கணக்கோடு வந்தான். நான் மறுமணம் செய்தால், ஓய்வுக்காலத்துக்கென்று சேர்ந்த மத்திய சேம நிதிப் பணம் யாருக்கு என்று எழுதிவைத்த நியமனம் தானாகவே ரத்தாகிவிடுமாம். புதிதாக எழுதாமல் கண்ணை மூடினால் பாதி புதுக் கணவருக்கு, பாதி பிள்ளைகளுக்கு. பழைய உயிலும் பொதுவாகச் செல்லாது. விசாரித்தேன், உண்மைதான். இவ்வளவு நாள் எனக்கே தெரியாது. என்னைப் போல் யோசிப்பவர்கள் வேறு யாராவது இருந்தால் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் விவரமாக எழுதுகிறேன். புது நியமனத்தை இரண்டு சாட்சிகளோடு இணையத்திலேயே செய்துவிடலாம். உயிலையும் மாற்றி எழுதலாம். அவரும் எழுத வேண்டும், அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். திருமணப் பதிவுக்கு எப்படியும் 21 நாளுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அதற்குள் ஒரு வழக்கறிஞரைப் போய்ப் பார்க்க முடியாதா என்ன?

இதைக் கேட்டதும் மகன் சரி என்றான். மகள் சொல்லவில்லை. அவள் பயம் காசைப் பற்றியது இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். 29 வயதில் ஒரு பையனோடு, அரசு புதிதாகக் கட்டித் தரும் பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பித்தாள். வரிசை எண் கிடைத்து, 2,000 வெள்ளி கட்டி, நாலறை வீடு ஒன்றைத் தேர்வும் செய்தார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே பிரிந்துவிட்டார்கள். கட்டிய பணம் போனது போனதுதான், ஆளுக்குப் பாதி என்று ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் எட்டு மாதம் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தது அவள் மட்டும்தான். இப்போது 33 ஆகிறது. 35 ஆனதும் தனியாக ஈரறை வீடு வாங்கிக்கொள்வாளாம். நான் யாரைப் பற்றியாவது பேச்செடுத்தால், "சேஃபா இருக்கேன்மா, விடுங்க" என்பாள்.

1987ல் தோ பாயோவில் மாமா வீட்டில் வைத்து என்னைப் பெண் பார்த்தார்கள். மொத்தம் இருபது நிமிடம். அவர் தேநீர் குடித்தார், நான் தலை நிமிரவில்லை. ஜாதகம் பொருந்திவிட்டது, பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள், அதனால் ஒரு பயமும் இல்லை என்றார்கள். முன்பின் தெரியாத ஒருவரோடு வாழப் போவதை அன்றைக்கு யாரும் ஆபத்து என்று நினைக்கவில்லை! நல்ல மனிதர்தான், குறையில்லை. ஆனால் மனதில் பட்டதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குப் பதினோரு வருடம் பிடித்தது. இவரிடம் பழகிய மூன்றாவது வாரமே, "நீங்க ரொம்பப் பேசுறீங்க" என்று சொல்லிவிட்டேன்.

எனக்குப் பயமே இல்லை என்று சொல்லவில்லை. அவருக்கு 67, சர்க்கரை வேறு. மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்தே விடிந்த இரவுகளை ஒருமுறை பார்த்துவிட்டேன். மறுபடியும் அப்படி உட்கார வேண்டி வரலாம். அதற்கு எந்த வழக்கறிஞரும் பத்திரம் எழுதித் தர முடியாது. எனக்கு அது தெரியும், தெரிந்துதான் யோசிக்கிறேன். "இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்கும் உறவினர்கள் இதையெல்லாம் நான் யோசிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவரைச் சாப்பிட அழைத்திருக்கிறேன். மகன் குடும்பத்தோடு வருகிறான். மகள் வருவாளா மாட்டாளா என்று சொல்லவில்லை. நேற்று இரவு ஒரே ஒரு செய்தி அனுப்பியிருந்தாள், அவர் மீன் சாப்பிடுவாரா என்று.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
ஈசூன்